செல்லரித்த ஏடும் வயிற்றுக் கிருமியும்

1895ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்தவர் ஆல்ட்ரெட் வார்த்தின். துணி தைத்துப் பிழைத்த ஒரு பெண் அவரிடம் பேச்சோடு பேச்சாகத் தன் கவலையைச் சொன்னார். தன் குடும்பத்தில் பலரும் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் போகிறார்கள், தானும் அப்படித்தான் சீக்கிரமே போய்விடுவேன் என்றார். வேறு ஒருவராக இருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் கிளைகளைத் தேடித் தேடி எழுதத் தொடங்கினார். அந்தப் பெண் சொன்னபடியே இளம் வயதில் கருப்பைப் புற்றால் இறந்தார். 1913இல் வார்த்தின் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் குடும்பம் ‘ஜி குடும்பம்’ என்ற பெயரில் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது.

அரை நூற்றாண்டு கழித்து ஹென்றி லின்ச் என்ற மருத்துவர் அந்தக் குறிப்புகளை மறுபடி கையிலெடுத்தார். இப்படிப் பரம்பரையாகப் புற்று வரும் கோளாறை இன்று ‘லின்ச் நோய்த்தொகுப்பு’ என்று சொல்கிறோமே, அதன் வேர் அங்கேதான். 2000ஆம் ஆண்டில் ஜி குடும்பத்தின் கோளாறு எது என்பதும் தெரிந்துவிட்டது: எம்எஸ்ஹெச்2 என்ற மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துகிற மரபணு அது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ‘பரம்பரையில் வந்தது, அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் குடும்ப மரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தால் ஒரு விசித்திரம் தட்டுப்படும். முதல் தலைமுறைகளில் வயிற்றுப் புற்று மலிந்து கிடக்கிறது. பின்னால் வந்த தலைமுறைகளில் அது அருகி, பெருங்குடல் புற்று முன்னுக்கு வந்துவிடுகிறது. மரபணுவில் இருந்த அந்த எழுத்துப் பிழை மாறவே இல்லை. மாறியது வீடு, உணவு, தண்ணீர். ஜி குடும்பத்தில் நடந்தது அமெரிக்கா முழுவதும் நடந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டில் புற்றுநோய்ச் சாவுகளில் முன்வரிசையில் நின்ற இரைப்பைப் புற்று, குளிர்பதனப் பெட்டி வந்து, உப்பிட்டு வைக்கும் பழக்கம் குறைந்து, வீடுகள் சுத்தமானபின் படிப்படியாகச் சரிந்தது.

பழுதுநீக்கும் மரபணுக்களில் பிறவியிலேயே குறையிருந்தால் இரைப்பைப் புற்று வருமா என்பது கடந்த முப்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான பக்கங்களில் அலசப்பட்ட கேள்வி. அந்தப் பக்கங்களைப் புரட்டியபின் எனக்குப் படுவது இது: மரபணுவை மட்டும் தனியாகப் பார்த்தவர்கள் பெரும்பாலும் குழம்பிப்போனார்கள். வயிற்றில் யார் சேதம் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் விடை கிடைத்தது.

முதலில் பழுதுநீக்கம் என்பது என்ன என்று பார்த்துவிடலாம். நம் ஒவ்வொரு செல்லிலும் உள்ள டிஎன்ஏ நாளொன்றுக்குப் பல்லாயிரம் இடங்களில் அடிபடுகிறது. புகை, வெயில், கதிர்வீச்சு எல்லாம் பிறகு. சாதாரணத் தண்ணீரும், நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனும்கூட அதை அரிக்கும். டிஎன்ஏ அவ்வளவு உறுதியான பொருள் இல்லை என்பதை 1970களில் தோமஸ் லிண்டால் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்படியானால் நாம் எப்படி உயிரோடு இருக்கிறோம்? யாரோ ஓயாமல் பழுது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லிண்டாலுக்கும் பால் மோட்ரிச், அஜிஸ் சன்ஜார் ஆகியோருக்கும் 2015இல் வேதியியல் நோபல் கிடைத்தது அந்த ‘யாரோ’வைக் கண்டுபிடித்ததற்காகத்தான்.

பழைய ஓலைச்சுவடியை மனதில் வைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். ஒரே ஓர் எழுத்து மங்கியிருந்தால் அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகக் கீறலாம். ஒரு வரியே சிதைந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து நிரப்பலாம். படியெடுப்பவர் கைதவறி ‘ள’வுக்கு ‘ழ’ போட்டிருந்தால் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். ஜி குடும்பத்தில் வேலை செய்யாமல் போனவர் இந்த மூன்றாவது ஆள்தான். எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 எல்லாம் இவருடைய கூட்டாளிகள். நான்காவதுதான் பெரிய ஆபத்து: ஏடே இரண்டாக ஒடிந்து, ஒடிந்த இடத்தில் சில எழுத்துகள் பொடியாக உதிர்ந்துபோவது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒருசேர அறுபடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

ஒடிந்த ஏட்டை இரண்டு விதமாகச் சரிசெய்யலாம். ஒட்டுப்போடுபவன் இரண்டு முனையையும் பிடித்து ஒட்டிவிடுவான். உதிர்ந்த எழுத்து போனது போனதுதான். உ.வே. சாமிநாதையர் அப்படிச் செய்யமாட்டார். அதே நூலின் இன்னொரு சுவடியைத் தேடிப்போய், அதில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து நிரப்புவார். நம் செல்லுக்குள்ளும் இப்படி ஒரு ‘பிரதி பார்த்துத் திருத்தும்’ முறை இருக்கிறது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, பால்ப்2, ஏடிஎம் என்ற மரபணுக்கள் அதற்கு ஆள் அம்பு. மார்பகப் புற்று, சினைப்பைப் புற்றுக்காக நாம் கேள்விப்பட்ட அதே பிஆர்சிஏதான். ஏடிஎம் என்றதும் பணம் எடுக்கும் இயந்திரம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. 1995இல் இஸ்ரேலில் யோசஃப் ஷிலோவின் குழு கண்டுபிடித்த மரபணு அது. இழை அறுந்தவுடன் முதலில் கூச்சல் போட்டு மற்றவர்களை எழுப்புவது அதன் வேலை. இந்தக் கோஷ்டியில் ஒருவர் இல்லாவிட்டால் செல் ஒட்டுப்போடுபவனிடம் போகும். ஏட்டைச் செல் அரித்தால் அதற்கு மருந்துண்டு. செல்லுக்குள்ளேயே ஏடு அரிக்கப்பட்டால் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சுவடிகளில் பாடபேதம் என்று ஒன்று உண்டு. இரண்டு பிரதிகளில் ஒரே சொல் வேறு வேறாக இருக்கும். பொருள் பெரும்பாலும் கெடாது. மரபணுக்களிலும் அப்படித்தான். உங்களுக்கும் எனக்கும் இடையே லட்சக்கணக்கான பாடபேதங்கள் இருக்கின்றன. இவற்றில் பல, ஊரில் பத்தில் இரண்டு மூன்று பேரிடம் இருக்கும் சாதாரண வேறுபாடுகள். வேறு சில அரிதானவை. நூல் நடுவே பக்கமே கிழிந்த மாதிரி, அந்த மரபணுவின் புரதத்தைச் செயலிழக்க வைப்பவை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் இந்தத் துறையின் முதல் பதினைந்து ஆண்டுக் கதை.

1990களின் கடைசியிலிருந்து 2010கள் வரை இரைப்பைப் புற்றும் பழுதுநீக்க மரபணுக்களும் குறித்து வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி சாதாரணப் பாடபேதங்களைப் பற்றியவை. எக்ஸ்ஆர்சிசி1 மரபணுவில் 399ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்கிறதா, குளூட்டமின் இருக்கிறதா? ஓஜிஜி1இல் 326ஆம் இடத்தில் செரினா, சிஸ்டீனா? எக்ஸ்பிடியில் 751ஆம் இடத்தில் என்ன? வேலை முறை எளிது. மருத்துவமனையில் இருநூறு முந்நூறு நோயாளிகளின் ரத்தம், நோயில்லாத இன்னொரு இருநூறு முந்நூறு பேரின் ரத்தம், ஒரு பிசிஆர் கருவி, ஒரு வெட்டு நொதி. ஜெல்லில் ஓடவிட்டுப் பட்டைகளை எண்ணினால் கட்டுரை தயார்.

வந்த விடைகளோ தலைக்கொரு விதம். ஒரு நாட்டில் எக்ஸ்ஆர்சிசி1இன் குளூட்டமின் வகை ஆபத்தைக் கூட்டியது. அடுத்த நாட்டில் அதுவே பாதுகாத்தது. மூன்றாம் இடத்தில் ஒன்றுமே இல்லை. நான்காவதில் புகைபிடிப்பவர்களுக்கு மட்டும், அதுவும் இரைப்பையின் மேல்வாயில் வரும் புற்றுக்கு மட்டும். பிறகு இந்தச் சில்லறை ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்கும் தொகுப்பாய்வுகள் வந்தன. அதே பத்துப் பதினைந்து கட்டுரைகளை வெவ்வேறு குழுக்கள் திரும்பத் திரும்பக் கூட்டின. மொத்தத்தில் பார்த்தால் தொடர்பு இல்லை. ஆசியர்களை மட்டும் தனியாக எடுத்தால் லேசாக உண்டு. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தால் மறுபடி இல்லை.

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: அந்தக் காலகட்டத்தில் செலவான உழைப்பில் பெரும்பகுதி வீண். காரணங்களும் ரகசியமில்லை. ஒரு பாடபேதம் ஆபத்தை 10 விழுக்காடு கூட்டுகிறது என்றால் அதைப் பிடிக்க இருநூறு பேர் போதாது, பத்தாயிரக்கணக்கில் வேண்டும். பத்து மரபணுவைப் பத்து உட்பிரிவாகப் பிரித்துச் சோதித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே ‘கிடைக்கும்’. கிடைத்தது அச்சாகும், கிடைக்காதது மேசை இழுப்பறையில் தூங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, இந்த ஆய்வுகளில் பல, நோயாளியின் வயிற்றில் இரைப்பைப் புற்றைத் தூண்டும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்ததா என்றே கேட்கவில்லை.

இதற்கிடையில் மரபணுத்தொகுதி முழுவதையும் சலித்துப் பார்க்கும் பெரிய ஆய்வுகள் வந்தன. முன்கூட்டியே ‘இந்த மரபணுதான்’ என்று தீர்மானிக்காமல், லட்சக்கணக்கான இடங்களை ஒரே நேரத்தில் சோதிப்பவை. 2008இல் ஜப்பானில் பிஎஸ்சிஏ என்ற மரபணு சிக்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் சீனாவில் பிஎல்சிஈ1, பிஆர்கேஏஏ1, வேறிடங்களில் எம்யூசி1. இவற்றில் பிஎஸ்சிஏவும் எம்யூசி1உம் இரைப்பைச் சவ்வோடும் அதன் கோழைப் போர்வையோடும் சம்பந்தப்பட்டவை. பதினைந்து ஆண்டுகள் துரத்திய எக்ஸ்ஆர்சிசி1 இந்தச் சல்லடையின் மேல்தட்டில் வந்து நிற்கவில்லை. சாதாரணப் பாடபேதங்களின் கதை அநேகமாக அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் நான் எண்ணுகிறேன்.

ஆனால் அரிதான திரிபுகள், அதாவது கிழிந்த பக்கங்கள், வேறு கதை சொன்னன. பிஆர்சிஏ2 திரிபுள்ள குடும்பங்களில் மார்பகத்தைத் தாண்டி வேறு புற்றுகளும் வருகின்றனவா என்று ஒரு பன்னாட்டுக் குழு கணக்கெடுத்து 1999இல் வெளியிட்டது. இரைப்பைப் புற்று அவர்களுக்குச் சுமார் 2.6 மடங்கு அதிகம். அப்போது இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மார்பகமும் சினைப்பையும் பெற்ற அளவுக்கு வயிறு கவனம் பெறவில்லை.

2015இல் ஐஸ்லாந்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அந்தத் தீவில் குடியேறியவர்கள் சிலரே. ஆயிரம் ஆண்டு வம்சாவளியை எழுதிவைத்திருக்கிறார்கள். மக்கள்தொகையில் பெரும் பகுதியின் மரபணுத் தகவல் ஒரே நிறுவனத்தில் இருக்கிறது. 2,500 இரைப்பைப் புற்றுநோயாளிகளை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். ஏடிஎம் மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் திரிபுகள் உள்ளவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட 4.7 மடங்கு. இருநூறு பேரை வைத்துக்கொண்டு பத்து விழுக்காட்டைத் தேடிய காலத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

பிறகு ஜப்பான். இரைப்பைப் புற்று அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். 2023 மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ரிக்கென் ஆய்வு நிறுவனமும் ஐச்சி புற்றுநோய் மையமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையின் திருப்புமுனை என்பேன். 10,426 நோயாளிகள், 38,153 நோயற்றவர்கள். 27 மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். ஒன்பது மரபணுக்களின் தீய திரிபுகள் இரைப்பைப் புற்றோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. அந்த ஒன்பதில் ஏழு, பழுதுநீக்கக் குழுவைச் சேர்ந்தவை: பிரதி பார்த்துத் திருத்துகிற ஏடிஎம், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, பால்ப்2, படியெடுப்புப் பிழையைத் திருத்துகிற எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6.

இதோடு நின்றிருந்தால் இன்னொரு பட்டியல் என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் செய்த அடுத்த காரியம்தான் முக்கியம். 1,433 நோயாளிகளும் 5,997 நோயற்றவர்களும் கொண்ட வேறொரு தொகுப்பில், வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். திரிபும் இல்லை, கிருமியும் இல்லை என்பவரின் ஆபத்தை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். திரிபு மட்டும் இருந்தால் அது 1.7; அதுகூடத் தற்செயலாக இருக்கலாம். கிருமி மட்டும் இருந்தால் 5.8. இரண்டும் சேர்ந்தால் 22.5.

நடைமுறைக் கணக்கில் சொன்னால், கிருமி உள்ள, திரிபு இல்லாத ஜப்பானியருக்கு 85 வயதுக்குள் இரைப்பைப் புற்று வரும் வாய்ப்பு 14.4 விழுக்காடு. கிருமியோடு பிரதி பார்த்துத் திருத்தும் மரபணுவில் திரிபும் இருந்தால் 45.5 விழுக்காடு. கிருமி இல்லாதவர்களில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழ். 45.5 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; திரிபுள்ளவர்கள் சிலரே என்பதால் உண்மையான எண் 21க்கும் 63க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் திசை தெளிவு.

ஏன் இப்படி என்பதற்குச் சோதனைக்கூட விடையும் இருக்கிறது. இந்தக் கிருமி ஒட்டிக்கொண்ட இரைப்பைச் செல்களில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அறுபடுகின்றன என்று 2011இல் சூரிக் குழு ஒன்று காட்டியது. அதாவது ஏட்டை ஒடிப்பது கிருமியின் வேலை. 2021இல் தோக்கியோவில் ஹதகெயாமாவின் குழு இன்னொரு குறும்பையும் கண்டுபிடித்தது. கிருமி தன் ஊசி போன்ற உறுப்பால் செல்லுக்குள் செலுத்தும் காக்-ஏ என்ற புரதம், பிஆர்சிஏ1ஐ உட்கருவுக்குள் போகவிடாமல் தடுக்கிறது. ஏட்டையும் ஒடித்துவிட்டு, திருத்த வருகிற ஐயரையும் வாசலிலேயே மறித்தால் எப்படி? பிறவியிலேயே அந்த ஐயர் பாதி ஆளாக இருக்கும் வீட்டில் என்ன ஆகும் என்பது சொல்லத் தேவையில்லை.

மேற்குலக எண்களும் ஜப்பான் எண்களும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற பழைய சிக்கலும் இதில் அவிழ்கிறது. 2022இல் 5,000க்கும் மேற்பட்ட பிஆர்சிஏ குடும்பங்களை, பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை, ஆராய்ந்ததில் இரைப்பைப் புற்றின் ஆபத்து பிஆர்சிஏ2க்கு 3.7 மடங்கு, பிஆர்சிஏ1க்கு 2.2 மடங்கு. மடங்கில் பார்த்தால் குறைவில்லை. ஆனால் அங்கே இரைப்பைப் புற்றே அரிது. சிறியதை நான்கால் பெருக்கினாலும் சிறியதுதான். அதே ஆண்டு வந்த ஜப்பானியக் கணக்கில், பிஆர்சிஏ திரிபுள்ளவர்களில் 85 வயதுக்குள் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இரைப்பைப் புற்றுக்கு ஆளாகிறார்கள். மரபணு ஒன்றுதான், ஊரும் கிருமியும் வேறு. கிழக்காசியாவில் உலவும் கிருமியின் காக்-ஏ, மேற்கத்திய வகையைவிட வீரியமானது என்பதும் தெரிந்ததே.

ஜப்பானின் ஒன்பது மரபணுக்களில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்று சிடிஹெச்1. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசையை உண்டாக்கும் இதற்கும் பழுதுநீக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பத்தில் 1998இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த மரபணு நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே பலரை வயிற்றுப் புற்றுக்குப் பறிகொடுத்த குடும்பம் அது. திரிபுள்ளவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு நோய் வரும் என்று முதலில் சொன்னார்கள். நோயில்லாத வயதிலேயே முழு இரைப்பையையும் எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சை வழக்கமாயிற்று. பின்னர் பரவலாகச் சோதித்துப் பார்த்தபோது அந்த எண் வெகுவாக இறங்கியது. காரணம், முதலில் தேடிப்போனது நோய் மலிந்த குடும்பங்களை மட்டுமே. புதிதாக வரும் எந்த மரபணு எண்ணையும் இந்தச் சந்தேகத்தோடுதான் கையில் வாங்க வேண்டும்.

குடும்பத்தில் பலருக்கு வந்தால் அது மரபணுதான் என்ற முடிவும் அவசரமானதே. நெப்போலியனின் அப்பா 1785இல் வயிற்றுக் கட்டியால் இறந்தார், 1821இல் நெப்போலியனும். ரத்தத்தில் வந்தது என்று நூறாண்டுக்கும் மேலாகப் பேசினார்கள். 2007இல் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை மறுபடி ஆராய்ந்த குழுவோ, நெடுநாள் கிருமித் தொற்றால் வந்த அழற்சியையே சுட்டியது. ஒரு வீட்டில் இருப்பவர்கள் பகிர்வது மரபணுவை மட்டுமா? பாத்திரத்தை, தண்ணீரை, உப்பு ஜாடியை, குழந்தைப் பருவத்திலேயே அம்மாவிடமிருந்து வந்த கிருமியையும் சேர்த்துத்தான்.

நம்மூர்ப் பக்கம் வந்தால் படம் கொஞ்சம் குழப்பம். இந்தியாவில் பைலோரி கிருமி மிகப் பரவலானது. ஆனால் அதற்கேற்ற அளவு இரைப்பைப் புற்று இல்லை. ஆய்வாளர்கள் இதை ‘ஆசியப் புதிர்’ என்றே அழைக்கிறார்கள். அதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு. நாட்டிலேயே மிக அதிகமாக மிசோரமின் ஐசால் மாவட்டத்தில் பதிவாகிறது. புகையில் வாட்டிய இறைச்சி, புளிக்கவைத்த பன்றிக் கொழுப்பு, புகையிலைப் புகையை ஊதிச் செய்யும் ‘துய்பூர்’ என்ற நீர் எல்லாம் அங்கே சந்தேகப் பட்டியலில் உள்ளன. சென்னையும் இதில் சளைத்த ஊரில்லை. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இயங்கும் சென்னைப் பதிவேட்டில் 1980, 90களில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இரைப்பைதான் முதலிடம். பிறகு அது இறங்கி வந்தது. முப்பது ஆண்டில் சென்னைக்காரர்களின் மரபணு மாறியிருக்க முடியாது.

மரபணு ஆலோசனை அறை ஒன்றில் உறவினர் ஒருவரோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். இறந்தவர்மேல் ஒரு சாய்ந்த கோடு, புற்று வந்தவருக்குக் கறுப்பு. பாட்டி வரை சரளமாகப் போனது. “தாத்தா எதில் இறந்தார்?” என்றதும் உறவினர் சற்று யோசித்து, “வயித்து வலி வந்து போனாருங்க, ரெண்டு மாசமா சோறே எறங்கல” என்றார். “பெரியப்பா?” “அல்சர்னு சொன்னாங்க. கடைசியில ரத்தமா வாந்தி எடுத்தார்.” “அத்தை?” “கட்டிக்குடுத்த எடத்துல என்னவோ ஆச்சு, சரியா தெரியாது.” ஆலோசகரின் பேனா மூன்று உருவங்களுக்குள்ளும் கேள்விக்குறி போட்டது. வயிற்றுப் புற்று நம் குடும்பங்களில் பெரும்பாலும் இப்படி வேறு பெயர்களில்தான் செத்துப்போயிருக்கிறது.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருந்தது: மாமன் மகளைக் கட்டியவர்களுக்கு இடையே இரட்டைக் கோடு. இங்கே பேசிய திரிபுகளில் பெரும்பாலானவை ஒரு பிரதி கெட்டாலே ஆபத்தைக் கூட்டுபவை. சொந்தத்தில் மணம் செய்யும்போது இரண்டு பிரதிகளும் கெட்டுப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. எம்எஸ்ஹெச்2 போன்றவற்றில் அப்படி நேர்ந்தால் குழந்தைப் பருவத்திலேயே மூளையிலும் ரத்தத்திலும் குடலிலும் புற்று வரும். அரிதுதான், ஆனால் நம் பக்கத்து ஆலோசகர் கேட்காமல் விடக்கூடாத கேள்வி.

மரபணுச் சோதனைக்குப் போகிறவர்கள் ஓர் ஏமாற்றத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். ‘பொருள் உறுதியாகாத மாறுபாடு’ என்று ஒரு வகை விடை வரும். பாடபேதம் இருக்கிறது, அது பொருளைக் கெடுக்கிறதா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் அர்த்தம். உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பியரின் சுவடிகளே மலிந்திருப்பதால், நம்மவர்களுக்கு இந்த விடை அடிக்கடி வருகிறது. இதை வைத்துக்கொண்டு யாரும் அறுவைச் சிகிச்சைக்கு ஓடக்கூடாது. மருத்துவர் ஓடச் சொன்னால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். நோய் வந்தபின் இந்த மரபணுத் தகவல் சிகிச்சைக்கு உதவும் என்பதும் பாதி உண்மைதான். படியெடுப்புப் பிழை மலிந்த கட்டிகளுக்கு எதிர்ப்புசக்தி மருந்துகள் நன்றாகவே வேலை செய்கின்றன. பிஆர்சிஏ மார்பகப் புற்றில் பெயரெடுத்த ஒலாபரிப், இரைப்பைப் புற்றில் ஆசிய நாடுகளில் நடந்த பெரிய சோதனையில் 2017இல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

ஆகவே மறுபடி கிருமிக்கே வருவோம். பிறவியிலேயே வந்த இந்தத் திரிபுகளை உடல் முழுவதும் திருத்தி எழுத நம்மால் இன்று முடியாது. கிருமியை ஒழிக்க முடியும். 1984இல் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் இந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு இதை முதல்நிலைப் புற்றுக்காரணி என்று அறிவித்தது. 2005இல் மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் நோபல். 2001இல் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வில், சுமார் எட்டாண்டு கண்காணித்ததில், கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்று வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

ஒழித்தால் பலன் உண்டா? 2020இல் வெளிவந்த கொரியச் சோதனை இதற்கு நேரான பதில். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது இரைப்பைப் புற்று வந்த, வயிற்றில் கிருமி உள்ள 1,676 பேர். பாதிப் பேருக்குக் கிருமிக்கொல்லி மருந்து, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஒன்பது ஆண்டு முடிவில் மருந்து சாப்பிட்டவர்களில் 10 பேருக்கும் வெற்று மாத்திரைக்காரர்களில் 23 பேருக்கும் புற்று. ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியது. இவர்கள் மரபணுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல, உறவுமுறையைப் பார்த்து. அதுவே நமக்கு வசதி: விலையுயர்ந்த சோதனை எதுவும் வேண்டாம், குடும்ப வரலாறு போதும். தைவானின் மாட்ஸு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுவதையும் சோதித்துச் சிகிச்சை தந்தார்கள். இரைப்பைப் புற்று பாதிக்குமேல் குறைந்தது.

கிருமியைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அகநோக்குக் கருவி வழியாக நெல்மணியைவிடச் சிறிய சதைத்துணுக்கை எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவைச் சிதைத்து அமோனியா உண்டாக்கும். மஞ்சள் மெல்ல இளஞ்சிவப்பாகும். சில நேரம் நோயாளி எழுந்து சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் நிறம் மாறிவிடும். குழாய் விழுங்க வேண்டாம் என்பவர்களுக்கு மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையும் மலப் பரிசோதனையும் இருக்கின்றன. மருந்து பெரும்பாலும் பதினான்கு நாள். நம் நாட்டில் இந்தக் கிருமி பல மருந்துகளுக்குப் பழகிவிட்டதால், மருந்துக்கடையில் சொல்லி வாங்கிப் பாதியில் நிறுத்துவது உதவாது. முடித்தபின் கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்கவும் வேண்டும்.

2022இல் மட்டும் உலகில் 9 லட்சத்து 68 ஆயிரம் பேருக்கு இரைப்பைப் புற்று வந்தது. 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். இவர்களில் பிறவித் திரிபு உள்ளவர்கள் சிறு பங்குதான். கிருமிக்குப் பங்குள்ளவர்கள் மிகப் பெரும்பான்மை.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழையவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால், தாத்தா, பெரியப்பா, அத்தை எதில் போனார்கள், எத்தனை வயதில் போனார்கள் என்று இந்த வாரமே கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ‘அல்சர்’, ‘வயித்து வலி’, ‘சோறு எறங்கல’ என்று சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். மார்பகம், சினைப்பை, கருப்பை, பெருங்குடல், இரைப்பை என்று ஒரே பக்கத்து உறவில் புற்று இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், அந்தத் தாளோடு ஒரு மருத்துவரைப் பாருங்கள். மரபணுச் சோதனை வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். கிருமிச் சோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.